ஒரு கைக்கு மட்டும் மடி

போன வாரம் உங்கள் ஆஸ்பத்திரிக்கு முழங்கால் வலிக்காக வந்திருந்தேன். நான் யார் என்று யாரிடமும் சொல்லவில்லை. சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்து, என் முறை வந்ததும் கட்டிலில் காலை நீட்டினேன். உங்களில் ஒரு தம்பி வந்தார். நல்ல பிள்ளை, சிரித்த முகம். சூடு காட்டும் விளக்கை இழுத்து என் முழங்காலுக்கு நேரே நிறுத்தினார், பொத்தானை அழுத்தினார், கதவு வரைக்கும் போய்விட்டு அங்கிருந்தே "சுடுதாம்மா?" என்று கேட்டார். "இல்லப்பா" என்றேன். அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

சுட்டது. வேண்டுமென்றேதான் இல்லை என்றேன். அவர் போன பிறகு காலை நானே நகர்த்திக்கொண்டேன். அந்தத் தம்பியை மாட்டிவிடுவதற்காக இதை எழுதவில்லை, அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு மனசு ஆறவில்லை. மூட்டு வலிக்கும் கைகால் விறைப்புக்கும் உலர்ந்த சூடு கொடுத்தே வயிறு கழுவியவள் நான். பிள்ளைகளே, உங்களைத் திட்டாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. திட்டை ஒரு கதையில் வைத்துத் தருகிறேன், வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐம்பதுகளில் நான் செங்கல்பட்டில் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். என்னை மதராஸுக்கு அனுப்பி, மின்சார வைத்தியம் என்று அப்போது பெயர் சொன்ன பயிற்சியைக் கொடுத்துத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். பிரசவ வார்டுக்குப் பின்னால் எனக்கென்று ஓர் அறை. அதில் ஒரு பெரிய சிவப்பு விளக்கு இருந்தது. காலுக்கு மேல் கவிழ்ப்பதற்கு, உள்பக்கம் பல்புகள் பூட்டிய ஒரு தகரக் கூண்டு. கரண்டு போனால் வறுத்து மூட்டை கட்ட உப்பு, மணல், ஓர் இரும்புச் சட்டி. தண்ணீர் இல்லை, எண்ணெய் இல்லை, பிடித்துவிடுவதும் இல்லை. ஜனங்களுக்கு நான் 'லைட்டம்மா' ஆகிவிட்டேன். என் சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது.

முட்டுக்காட்டு உப்பங்கழியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை வீசுகிறவர்கள் வருவார்கள். மாமல்லபுரத்துப் பக்கத்திலிருந்து கல் தட்டுகிறவர்கள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். இவர்கள் எல்லோருக்கும் சூடு என்றால் தாங்கிக் காட்ட வேண்டிய ஒரு சமாசாரம். கூடச் சுட்டால் கூடக் குணமாகும் என்று நினைப்பு. புதுப்பட்டினத்திலிருந்து ஒரு மீன்காரர் முட்டி வலிக்காக வெகுநாள் என்னிடம் வந்துகொண்டிருந்தார். பெரிய சரீரம், பெரிய குரல். விளக்கின் கீழே முட்டி சிவந்து கிடக்கும், அவர் என்னை விரட்டுவார்.

"இன்னும் கிட்டக்க இஸ்து வைம்மா. சூடே தெரில."

"தெரியாம இருக்குமா? தோல் செவந்துபோச்சு பாருங்க."

"இதெல்லாம் ஒரு சூடா? உச்சி வெயில்ல எங்கூரு மணலு இன்னா சூடு கீது தெரியுமா? காலைப் பொதைச்சிகினு குந்திகினா வலி கிலி எல்லாம் ஓடிப்பூடும். நீ இன்னாடான்னா வெளக்கைக் காட்டிக்கினு கீற."

"அப்ப மணல்லயே குந்திக்க வேண்டியதுதானே? ஏன் பஸ் ஏறி வரீங்க?"

"ஒன்னோட பேசறதுக்குத்தான் வரேன்" என்று சிரிப்பார்.

நோயாளி வாயால் சொல்வதை வைத்துச் சூட்டை அளக்காதீர்கள் என்பதற்கு இந்த மனுஷர் ஒருவரே போதும். அதனால்தான் மதராஸில் எனக்குப் பயிற்சி கொடுத்த அம்மாள் இரண்டு வழக்கங்களை மண்டையில் அடித்து ஏற்றியிருந்தார். ஒன்று, விளக்குப் போடுவதற்கு முன்னால் இரண்டு மருந்து சீசா, ஒன்றில் வெந்நீர், ஒன்றில் பானைத் தண்ணீர். நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, மாற்றி மாற்றித் தோலில் வைத்து, எது சூடு எது குளிர்ச்சி என்று கேட்க வேண்டும். சரியாகச் சொல்லாத இடத்தில் சூடு காட்டக் கூடாது. இரண்டாவது, விளக்குப் போட்டதும், அவருக்குப் படுகிற சூடு நமக்கும் தெரியும்படி, நம் கையை நோயாளியின் கைக்குப் பக்கத்தில், அதே வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். மீன்காரர் சீசா சோதனையைக் கண்ணாமூச்சி என்பார். ஆனால் ஒழுங்காகக் கண்ணை மூடிக்கொள்வார்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

பங்குனி மாதத்து ஒரு காலையில் ஒரு தம்பதி வந்தார்கள், கூடவே ஒரு கோயில் மணியக்காரர், அதாவது கோயில் நிர்வாகம் பார்க்கிறவர். கணவர் அந்தக் கோயில் மடைப்பள்ளியில் தலைமைச் சமையல்காரர், ஐயங்கார். நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். எந்த ஊர், எந்தக் கோயில் என்று நான் சொல்ல மாட்டேன். இத்தனை காலம் கழித்தும் ஏன் சொல்ல மாட்டேன் என்பது போகப் போக உங்களுக்கே தெரியும்.

என் அறை வாசலில் ஒரு படி கொஞ்சம் உடைந்திருக்கும். அவர் அதில் கால் வைத்துத் தடுமாறிவிட்டார். வெளியே பெஞ்சில் காத்திருந்த மீன்காரர் பாய்ந்து வந்து அவர் வலது கையை முழங்கைக்கு மேலே பிடித்துத் தூக்கி நிறுத்தினார்.

"பாத்து சாமி, பாத்து. இந்தப் படி ஆளை முழுங்கற படி."

"நன்னா இருப்பா" என்று ஐயங்கார் அவரிடம் சொல்லிவிட்டு உள்ளே வந்தார். இடது கையை மேல்துண்டுக்குள் சுருட்டி மார்போடு வைத்திருந்தார். இடது முழங்கையில் குடைச்சல், இரவில் தூக்கம் இல்லை, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கினபடியே விறைத்துப் போய்விட்டன, நீட்டினால் நீள்வதில்லை என்று மனைவிதான் சொன்னார். வாதம் என்று உள்ளூர் வைத்தியர் சொல்லியிருந்தார். சித்திரையில் உற்சவம், பெருமாளுக்குப் படைக்கும் பெரிய தளிகை எல்லாம் இவர் கைப்பக்குவம்தான், அதற்குள் குணமாக வேண்டும் என்று மணியக்காரர் சொன்னார். வைகாசியில் பெண்ணுக்குக் கல்யாணம் என்று மனைவி மெதுவாகச் சேர்த்துக்கொண்டார்.

நான் சீசாக்களை எடுத்துக்கொண்டு கிட்டே போனேன். அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"தொட வேண்டாம்மா. நான் மடைப்பள்ளிக்காரன், மடியா இருக்கறவன். இங்கே வெளிச்சம் காட்டறதோட சரி, யாரும் தொடறதில்லைன்னு சொன்னா. அதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். வெளிச்சத்துக்கு ஏது தீட்டு?"

மரியாதையாகத்தான் சொன்னார். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. என் அப்பா ஊரப்பாக்கத்துப் பக்கம் பிறர் நிலத்தில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். கோயில் இருக்கும் தெருவுக்குள் அவர் காலடி வைத்ததில்லை. நாங்கள் வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவர்களாகி, நான் படித்து, வெள்ளைச் சேலை கட்டி, இந்த ஆஸ்பத்திரியில் ஓர் அறைக்குப் பொறுப்பாக நிற்கிறேன். இங்கேயும் வந்து தொடாதே என்றால் எப்படி இருக்கும்? ரத்தம் கொதித்தது. மறைப்பானேன்?

கோபம் எனக்கு இரண்டு வழி காட்டியது. 'எழுந்து போங்க' என்று சொல்லிவிடலாம். அல்லது, 'தொடக் கூடாதா, சரி' என்று விளக்கைத் திருப்பி வைத்து ஸ்விட்சைப் போட்டுவிடலாம். இரண்டாவதுதான் சுலபம், யாரும் குறையும் சொல்ல மாட்டார்கள். என் கை ஸ்விட்சுப் பக்கம் போகவில்லை. தொடாத தோலுக்குச் சூடு காட்டுவதில்லை என்பது அவருக்காக மாற்றுகிற சட்டம் இல்லை.

"தொட்டுப் பாக்காம விளக்குப் போட மாட்டேன் ஐயா" என்றேன். எல்லோரும் அவரைச் சாமி என்றார்கள். நான் எல்லா நோயாளியையும் ஐயா என்பதுதான் வழக்கம், அவரையும் அப்படியே சொன்னேன்.

மணியக்காரருக்குப் பொறுக்கவில்லை. "இன்னாம்மா இது? லைட்டைப் போட்டு அனுப்பறதை வுட்டுட்டு சட்டம் பேசிக்கினு இருக்கீங்க? உற்சவம் தலைக்கு மேல கீது. பெரிய டாக்டரைக் கூப்புடுங்க."

அந்த நேரம் எங்கள் டாக்டர் வராந்தாவில் பிரசவ வார்டுக்கு விரைந்துகொண்டிருந்தார். மணியக்காரர் ஓடிப்போய் வழிமறித்து முறையிட்டார். டாக்டர் நிற்கக்கூட இல்லை. "அந்த ரூம்ல அந்தம்மா வெச்சதுதான் சட்டம் சார். எனக்கு முதுகு பிடிச்சாலும் அவங்க உக்காருன்னா உக்காருவேன்" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, இனி தப்பு நேர்ந்தால் என் தலையில்தான் என்றும் இருந்தது.

அப்போது அந்த மாமி ஒரு வழி சொன்னார். "நான் வேணா தொட்டுக் காட்டறேனே. நீங்க சொல்றபடி சீசாவை வைக்கறேன். ஆத்துக்காரி தொட்டா தோஷமில்லையே."

யோசித்தேன். எனக்கு வேண்டியது அந்தத் தோலுக்குச் சூடு தெரிகிறதா என்கிற பதில்தான். அது யார் கையால் வந்தால் என்ன? சரி என்றேன். மாமியிடம் சீசாக்களைக் கொடுத்தேன். ஐயங்கார் துண்டிலிருந்து கையை எடுத்து மேஜைமேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நான் எந்த சீசா, எந்த இடம் என்று விரலால் காட்டினேன். மாமி வைத்தார்.

"சூடு" என்றார் அவர். அடுத்ததற்கு "குளுமை" என்றார். மறுபடி குளுமை. மறுபடி சூடு. முழங்கை, முன்கை, சுண்டுவிரல் ஓரம் எல்லா இடத்திலும் ஒரு தப்புக்கூட இல்லாமல் சொன்னார். மணியக்காரர் என்னைப் பார்த்து, இப்போது என்ன சொல்கிறாய் என்கிற மாதிரி மீசையைத் தடவிக்கொண்டார்.

எனக்கு உறுத்தியது. புதுப்பட்டினத்து மீன்காரர் காலில் நன்றாக உணர்ச்சி உள்ளவர், அவரே நடுவில் ஒன்றிரண்டு தப்பாகச் சொல்வார். வெந்நீர் ஆற ஆற யாருக்கும் கொஞ்சம் தடுமாறும். இவருக்குத் தடுமாறவே இல்லை. அது மட்டும் இல்லை. வெந்நீர் சீசாவை வைக்கும்போதெல்லாம் மாமியின் கண்ணாடி வளையல் இரண்டு தடவை சிணுங்கியது. பானைத் தண்ணீர் சீசாவை வைக்கும்போது ஒரே தடவை.

மாமியின் மணிக்கட்டை என் இடது கையால் பிடித்தேன், வளையல் அசையாதபடி. அவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். கையை உதறவில்லை. வெந்நீர் சீசாவை அவர் கையோடு சேர்த்து நானே நகர்த்தி ஐயங்காரின் முன்கை ஓரத்தில் வைத்தேன்.

பதில் இல்லை. கண்ணை மூடியபடி உட்கார்ந்திருந்தார். சீசா தன்மேல் இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. அடுத்த சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

மாமியின் கண்ணில் நீர் முட்டியது. நான் மணியக்காரரிடம் திரும்பி, சட்டை கழற்றிப் பார்க்க வேண்டும், வெளியே இருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். ஐயங்கார் சட்டையே போட்டிருக்கவில்லை, மணியக்காரருக்கு அது வெளியே போன பிறகுகூட உறைத்திருக்காது.

கதவைச் சாத்தித் திரும்பியபோதுதான் எனக்கு எல்லாம் சேர்ந்து வந்தது. வாசலில் மீன்காரர் பிடித்தது இவர் கையைத்தான். வாழ்த்திவிட்டு வந்தாரே தவிர அருவருக்கவில்லை. பஸ்ஸில் நாலு பேரோடு தோள் உரச வந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்கு வந்துபோனவர் எப்படியும் தலைமுழுகாமல் அடுப்பங்கரைக்குள் நுழையப் போவதில்லை. பிறகு நான் தொட்டால் என்ன, தொடாவிட்டால் என்ன?

"வலது கையை ஊரே தொடுது. ஒரு கைக்கு மட்டும் என்ன மடி ஐயா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது. மாமிதான் பேசினார்.

"கார்த்திகையிலேர்ந்து தெரியும்மா. வெண்கலப் பானையை இறக்கச்சே இந்தப் பக்கம் சுட்டுடுத்து. இவருக்குத் தெரியலை. எனக்கு வாசனை வந்து ஓடிப்போய்ப் பார்த்தேன். அப்புறம் ஆத்துல சுடற பாத்திரம்னா ரெண்டு தரம், ஆறினதுன்னா ஒரு தரம் வளையலை ஆட்டி இவருக்குச் சொல்லுவேன். பெரிய வியாதியா இருக்குமோன்னு அன்னிலேர்ந்து பயம். வெளியே தெரிஞ்சா மடைப்பள்ளி போச்சு. கொழந்தை கல்யாணம் நின்னுபோயிடும். யாரண்டை சொல்றது?"

செங்கல்பட்டில் அந்தப் பயத்துக்கு விளக்கம் வேண்டியதில்லை. ஊருக்கு வெளியே குஷ்ட வியாதிக்கென்றே ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. அந்தப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினாலே கூட இருப்பவர்கள் தள்ளி உட்கார்ந்த காலம் அது.

"பின்னே எதுக்கு விளக்கு வெச்சுக்க வந்தீங்க?" என்று அவரிடம் கேட்டேன்.

"தூங்கற கை நன்னா சூடு காட்டினா முழிச்சுக்கும்னு நெனச்சேன்" என்றார். "வெறும் அடுப்புச் சூட்டுக்கு முழிச்சுக்கலை. கரண்டு சூட்டுக்கு முழிச்சுக்குமோன்னு."

யோசித்துப் பாருங்கள். கோபத்தில் நான் ஸ்விட்சைப் போட்டிருந்தால், அவர் இன்னும் கிட்டே, இன்னும் கிட்டே என்று சொல்லியிருப்பார். சுடுதா என்று நான் கேட்டால் இல்லை என்பார், அது உண்மையாகவும் இருக்கும். தோல் வெந்து கொப்புளித்து, அது புண்ணாகி, உற்சவக் கூட்டத்தில் எல்லோர் கண்ணிலும் பட்டிருக்கும். கையும் போய், எதை மறைக்க வந்தாரோ அதுவும் வெளியே வந்திருக்கும். அவர்மேல் எனக்கு இருந்த கோபம் அந்த இடத்தில் காணாமல் போயிற்று. அப்பாவின் தெருவை நான் மறந்துவிடவில்லை, ஆனால் அந்த வழக்கு இந்தக் கையோடு இல்லை.

"நான் தொட்டுப் பாக்கட்டுமா ஐயா?" என்றேன்.

அவரே கையை நீட்டினார். முழங்கைக்குப் பின்னால், எலும்பை ஒட்டி ஓடுகிற நரம்பைத் தடவினேன். அது தடித்திருந்தது, தொட்டதும் அவர் துடித்தார். குடைச்சல் மூட்டிலிருந்து வரவில்லை, நரம்பிலிருந்து வந்தது. விரல் விறைத்ததும் அதனால்தான். முன்கையின் அடிப்பக்கத்தில் ஒரு வெளுத்த திட்டு இருந்தது, துண்டு போர்த்தி அவர் மறைத்து வைத்தது அதைத்தான்.

டாக்டர் பிரசவம் முடிந்து வந்து பார்த்தார். தோலைக் கொஞ்சம் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துவிட்டுக் கிருமி தென்படவில்லை என்றார். சமையல் செய்கிறவர் என்பதால் நான் முதலில் கேட்ட கேள்வி, பிறருக்குப் பரவுமா என்பதுதான். இது பரவாத வகை, ஆரம்பத்திலேயே வந்துவிட்டார், புது மாத்திரை இருக்கிறது, விடாமல் சாப்பிட்டால் குணமாகும் என்றார். மாத்திரையை எங்கள் ஆஸ்பத்திரியிலேயே கொடுக்க ஏற்பாடு செய்தார். நெருப்புப் பக்கம் மட்டும் அந்தக் கை போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். நோய் தின்னாத கையைப் பானை தின்றுவிடும் என்பது அவர் கவலை.

இனி வெளியே இருந்த மணியக்காரர் பாக்கி. டாக்டர் என்னைப் பார்த்தார், உன் அறை, நீயே பேசு என்கிற மாதிரி. கதவைத் திறந்துகொண்டு போனேன்.

"இன்னா வியாதிம்மா?" என்று கேட்டார்.

"முழங்கைல நரம்பு வீங்கியிருக்குது. விளக்குச் சூடு ஆகாது. கைக்குத் தப்பை கட்டணும். கொஞ்ச மாசம் அடுப்பு கிட்ட விடக் கூடாது."

"கொஞ்ச மாசமா? உற்சவத்துக்கு யாரு தளிகை பண்றது, நீயா?"

"நான் பண்ணினா சாப்பிடுவீங்களா?" என்று கேட்டேன். அதற்குள் ஐயங்கார் வெளியே வந்து, தன் தம்பி கரண்டி பிடிப்பான், தான் பக்கத்தில் நின்று பக்குவம் சொல்வதாகச் சொன்னார். மணியக்காரர் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. கேட்டதற்கு மேலே சொல்லவில்லை, அவ்வளவுதான். பிறருக்கு ஆபத்து இருந்திருந்தால் வேறு மாதிரி பேசியிருப்பேன். இல்லை என்று தெரிந்த பிறகு ஒரு குடும்பத்தை ஊர் வாயில் போட எனக்கு உரிமை கிடையாது. அன்றும் எனக்கு இதில் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை.

உற்சவம் நடந்தது. வைகாசியில் கல்யாணமும் நடந்தது. ஐயங்கார் தவறாமல் வந்துகொண்டிருந்தார். மூங்கில் தப்பையில் பஞ்சு வைத்து முழங்கைக்குக் கட்டினேன். குடைச்சல் அடங்கியதும் விறைத்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து நீட்டி மடக்கினேன். தொடாதே என்றவர் கையை நான் பிடித்த அளவுக்கு வேறு யார் கையையும் பிடித்ததில்லை. ஒவ்வொரு முறையும் சீசா சோதனை செய்வேன். மாமி வளையலைத் தானே முழங்கைப் பக்கம் தள்ளிக்கொண்டு தூரப் போய் நிற்பார். அவர் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருப்பார், நான் சீசாவைத் துடைத்து வைத்துவிடுவேன்.

மீன்காரருக்கு மட்டும் இது புரியவே இல்லை. பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு துளைப்பார்.

"இன்னா சாமி, ஒனக்கு இன்னும் லைட்டு போடலியா? எனக்கு வந்த அன்னிக்கே போட்டுச்சே."

"எனக்கு இன்னும் யோக்யதை வரலைப்பா" என்பார் ஐயங்கார்.

"நான் சொல்றேன் லைட்டம்மாவாண்ட. பாவம், வந்து வந்து போய்க்கினு கீற."

அவர் உண்மையிலேயே என்னிடம் வந்து சண்டை போட்டார். "அந்தச் சாமிக்கும் கொஞ்சம் காட்டேம்மா, கரண்டு இன்னா தேஞ்சா பூடும்?" என்றார். உங்க முட்டியைப் பாருங்க என்று விரட்டினேன்.

மழைக்காலம் போய், தை பிறந்து, ஒரு நாள் வழக்கம்போலச் சோதனைக்கு உட்கார்ந்தோம். விரல்கள் ஓரளவு நீள ஆரம்பித்திருந்தன. மூட்டுகளில் விறைப்பு மட்டும் மிச்சம். ஐயங்கார் கண்ணை மூடினார். மாமி ஜன்னல் பக்கம் நின்றார். முன்கையில் பானைத் தண்ணீர் சீசாவை வைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. வெந்நீர் சீசாவை வைத்தேன். புருவம் நெளிந்தது. சீசாவை எடுத்துவிட்டு, கொஞ்சம் பொறுத்து, அதே இடத்தில் மறுபடி வைத்தேன்.

"சுடறது" என்றார்.

நான் இன்னும் கொஞ்சம் கீழே வைத்தேன்.

"சுடறதும்மா. சுடறது! இங்கேயும் சுடறது!"

மடைப்பள்ளியில் பிறந்து வளர்ந்த மனுஷர். நெருப்போடவே வாழ்ந்தவர். சுடுகிறது என்று கத்திக்கொண்டே குழந்தை மாதிரி அழுதார். மாமி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்தச் சத்தத்தைக் கேட்டு மீன்காரர் முட்டி வலியை மறந்து கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.

"ஐயையோ, இன்னாம்மா, சாமியைச் சுட்டுட்டியா?"

"ஆமாம்" என்றேன். அவரை வெளியே அனுப்பிவிட்டு, முன்கையிலும் விரல்களிலும் ஓர் இடம் விடாமல் சோதித்தேன். சுண்டுவிரல் நுனியில் மட்டும் தெரியவில்லை, அதற்குத் துணி சுற்றி மறைத்தேன். பிறகு விளக்கை இழுத்து, தள்ளியே நிறுத்தி, ஸ்விட்சைப் போட்டேன். முதல் தடவையாக அந்தக் கைமேல் சிவப்பு வெளிச்சம் விழுந்தது.

வழக்கப்படி என் கையை அவர் கைக்குப் பக்கத்தில், அதே வெளிச்சத்தில், தொட்டுக்கொண்டிருக்கும்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் நகர்த்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"உங்களுக்கும் சுடறதாம்மா?"